கொடுக்காமல் வைத்திருந்த கவர்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வணிகக் கடிதம் சொல்லித்தர எங்கள் பள்ளியில் என்னை விட்டால் ஆளில்லை என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவார்கள்.

போன ஜூனில் பக்கத்துப் பிரிவுக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் வகுப்பில் எழும் சிரிப்பு என் வகுப்புவரை கேட்கும். என் பிள்ளைகள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி நெசவுக் குடும்பத்துப் பெண். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"மிஸ், எங்க தறிக்கு பார்டர் டிசைன் அட்டை வாங்கினோம். அஞ்சு அட்டையில ஓட்டை தப்பா குத்தியிருக்குது. ஓட்டைப்படிதான் பார்டர்ல உருவம் விழும், இப்ப அன்னத்துக்கு வாலே வரல. அப்பா போன் பண்ணிக்கினே இருக்காரு, பாக்கறோம்னே சொல்றாங்க. நான் லெட்டர் எழுதட்டா?"

"அதெல்லாம் பெரியவங்க பாத்துப்பாங்கம்மா. புஸ்தகத்துல உடைஞ்ச நாற்காலிக்குப் புகார் லெட்டர் இருக்குது பாரு, பரீட்சைக்கு அதான் வரும்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆசிரியர் அறையில் அவளும் புது ஆசிரியையும் ஒரே தாளின் மேல் குனிந்திருந்தார்கள்.

"கெஞ்ச வேணாம்மா. எந்தெந்த அட்டைன்னு நம்பர் போடு. என்ன வேணும்னு ஒரே வரியில கேளு."

அவள் என் மாணவி. தயிர்சாத டப்பாவை மூடினேன். எழுந்து போய்க் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் வாங்கினேன். பார்வையில் பில் எண்கூடச் சரியாக இருந்தது. 'தங்கள் உண்மையுள்ள' என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி மட்டும் இல்லை. சிவப்புப் பேனாவால் அதைப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளை அவள் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

வீட்டில் சொல்லாமல் எழுதியதால் பள்ளி முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அலுவலக அறையில் எனக்கு வந்த தபாலோடு அந்தக் கவரும் இருந்தது. நீளமான, கனமான கவர். தடவிப் பார்த்ததுமே உள்ளே அட்டைகள் என்று தெரிந்தது. "உங்க கிளாஸ் பொண்ணுதானே மேடம்?" என்று கிளார்க் பதிவேட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பையில் வைத்தேன்.

வகுப்புக்குப் போனேன். அவள் முதல் பெஞ்சில்தான் இருந்தாள். கொடுத்தால் பக்கத்து வகுப்புக்கு ஓடுவாள் என்று தோன்றியது. கொடுக்கவில்லை. சனியும் ஞாயிறும் அந்தக் கவர் என் வீட்டு பீரோ மேல் கிடந்தது.

திங்கட்கிழமை கொடுத்தேன். உள்ளே அட்டை விற்றவர்கள் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதமும் புதிதாய் ஐந்து அட்டைகளும் இருந்தன. நினைத்தபடியே ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது.

திரும்பி வந்து, "நல்லவேளை மிஸ். வேற டிசைன் புடவையும் முடிஞ்சி, மூணு நாளா அப்பா தறியை நிறுத்திட்டு ஒக்காந்துக்கினு இருக்காரு" என்றாள்.

அன்று சாயங்காலம் புது ஆசிரியை என்னருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "கவர் வெள்ளிக்கிழமையே வந்துடுச்சா மேடம்? பதிவேட்டுல பாத்தேன்" என்றார்.

"மறந்துட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி மேடம், நான் யார்கிட்டயும் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்தப் பெருந்தன்மையும் அவருக்குத்தான் வாய்த்திருந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, நான்தான் வேண்டுமென்றே வைத்திருந்தேன் என்று சொன்னேன்.

"ஏன் மிஸ்?"

மேஜை மேலிருந்த நோட்டுகளை அடுக்கினேன். "பரவால்ல மிஸ்" என்றாள் அவள். அதற்கப்புறம் என்னிடம் எதையும் கேட்டு அவள் வந்ததில்லை.

அந்த அன்னப் பார்டர் புடவை நெய்து முடிந்ததும் போனில் படம் எடுத்துவந்து பக்கத்து வகுப்பு வாசலில் காட்டிக்கொண்டிருந்தாள். நான் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக இரண்டு தரம் போனேன். யாரும் கூப்பிடவில்லை.