இரண்டாவது கூண்டு

எங்கள் வீட்டுக் காப்பியில் ஒரு காலத்தில் தினை உமி மிதந்தது. ஆடி மாதத்து மேல்காற்று மில்லர்புரத்துத் தெருப்புழுதியை வாரிக்கொண்டு வந்து மாடி வராந்தாவில் கொட்டும்போது, அங்கே தொங்கிய பறவைக் கூண்டிலிருந்து உமியையும் அள்ளிக்கொண்டு போய்ச் சமையலறை வரைக்கும் தூவிவிடும். தம்ளரை வாயில் வைத்தால் முதலில் நாக்கில் ஒட்டுவது காப்பி அல்ல, உமி. அம்மா அதை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்பாள், அப்பா ஒதுக்காமலே குடிப்பார், நான் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்து வசை வாங்குவேன். இன்றைக்கும் யாராவது உடம்புக்கு நல்லது என்று தினைத் தோசை சுட்டுக் கொடுத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

கூண்டில் இருந்தவை இரண்டு பறவைகள், ஒன்று பச்சை, ஒன்று நீலம். பட்ஜி என்று அவற்றுக்கு முறையான பெயர் ஒன்று இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஊரில் எல்லாருக்கும் அவை "லவ் பேர்ட்ஸ்". அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை. அப்பா மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். நைலான் கயிறு, மிதவை, வலை நூல். மாற்றலாகி வெளியூர் போன வாடிக்கையாளர் ஒருவர், "உங்க பொண்ணு வெளையாடட்டும் அண்ணாச்சி" என்று கூண்டோடு தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கடையின் மிகத் தடித்த கயிற்றால், ஒரு விசைப்படகையே கட்டிப்போடலாம் என்கிற முடிச்சில், வராந்தா உத்தரத்தில் தொங்கவிட்டார் அப்பா. எது அவிழ்ந்தாலும் இழுத்துக் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. கூண்டைச் சுத்தம் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

எது ஆண், எது பெண் என்ற கேள்வி முதல் நாளே வந்தது. வந்த வேகத்தில் அம்மா அதைத் தீர்த்தும் வைத்தாள். நீலப் பறவைக்கு அலகுக்கு மேலே மூக்குப் பகுதியில் பளபளவென்று நீலமாக ஒரு திட்டு இருந்தது. "நீலக்கல் மூக்குத்தி போட்ட மாதிரில்லா இருக்கு, அது பொம்பள" என்றாள். பச்சைக்கு மூக்கு பழுப்பாக, சொரசொரவென்று இருந்தது. குரலும் பெரிது, தினைக் கிண்ணத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தின்னும். அதற்குப் பெயர் "மாப்ள" என்று ஆயிற்று. நீலத்துக்குப் பெயர் "பொண்ணு". இரண்டு பேருக்கும் குடித்தனம் நடத்த, பக்கவாட்டில் ஓட்டை போட்ட சின்ன மண்பானை ஒன்றும் உள்ளே கட்டப்பட்டது.

குடித்தனம் என்று சொல்லக்கூடாது, அடிதடி என்று சொல்லவேண்டும். பொண்ணு கிண்ணத்துக்குப் போனால் மாப்ள கொத்தும். தண்ணீர் குடிக்கப் போனால் கொத்தும். சும்மா கம்பில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாலும், இதற்காகவே மேலிருந்து இறங்கிவந்து காலைக் கடிக்கும். பானைப் பக்கம் தலையை நீட்டவே விடாது. ஒருநாள் கூண்டுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ரத்தப் பொட்டு; பார்த்தால் பொண்ணின் கால் விரல் ஒன்றில் நகத்தைக் காணோம். அடுத்து உச்சந்தலையில் இறகு போய்ச் சொட்டை விழுந்தது. அம்மா அதைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தலையிலிருந்து கால்வரை அப்பினாள். நீலத்தின்மேல் மஞ்சளைப் பூசினால் என்ன ஆகும்? தூரத்திலிருந்து பார்த்தால் கூண்டுக்குள் இரண்டு மாப்ள இருந்தன. எண்ணெய்ப் பிசுக்கில் பறக்கமுடியாமல் மூலையில் ஒடுங்கியதற்கு அன்றைக்குக் கூடுதலாக இரண்டு கொத்து கிடைத்ததுதான் மிச்சம்.

இன்னொரு கூண்டு வாங்கித் தாருங்கள் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஏளா, அது பேரே லவ் பேர்ட்ஸ். அதுக அடிச்சுக்கிடுமா? கொஞ்சுதுக."

கொஞ்சினால் ரத்தம் வருமா என்று கேட்டேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றார். அங்கே பேசிக்கொண்டிருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். விடாமல் நச்சரித்ததில் ஒருநாள் உண்மைக் காரணம் வெளியே வந்தது. "ஜோடியப் பிரிக்கப்படாது. பிரிச்சா ரெண்டும் ஏங்கிச் செத்துரும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்." அம்மாவோ ஒரு படி மேலே போனாள். "மாப்ள திங்கும்போது இது எதுக்குக் கிண்ணத்துப் பக்கம் போவுது? கொஞ்சம் ஒதுங்கிப் போனா என்னவாம்?" முப்பது கம்பிகூட இல்லாத அந்தக் கூண்டுக்குள் எங்கே ஒதுங்கிப் போவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செல்வி அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. விளாத்திகுளத்தில் உரக்கடை வைத்திருந்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கோயில் கொடைக்கு வந்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லப்பட்டது. கொடை முடிந்து பந்தலைப் பிரித்து வாடகைப் பாத்திரங்களும் திரும்பிப் போய்விட்டன, அத்தை போகவில்லை. இடது கைச் சுண்டுவிரல் வீங்கி, ஒரு பக்கமாக வளைந்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் "கதவுல நசுங்கிட்டு" என்றாள். அம்மா அதற்கும் மஞ்சளும் எண்ணெயும்தான் போட்டாள்.

இனிமேல்தான் எனக்குப் பொறுக்காத பகுதி வருகிறது. வராந்தாவில் நான், "அம்மா, மாப்ள மறுபடியும் கடிச்சிட்டு" என்று கத்துவேன். அத்தை கையில் எந்த வேலை இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு உள்ளே எழுந்து போவாள். என் அப்பா மாமாவைக் கூப்பிடுவதும் "மாப்ள" என்றுதான். இது எனக்கே உறைத்தது, பெரியவர்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர்கள் பாட்டுக்குச் சாயங்காலம் காப்பியோடு கூண்டைச் சுற்றி உட்கார்ந்து, "பொண்ணு கொஞ்சம் அனுசரிச்சுப் போனா மாப்ள ஏன் கொத்துது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அனுசரிச்சு. அந்த ஆண்டு முழுக்க எங்கள் வீட்டில் உப்பைவிட அதிகமாகப் புழங்கிய சொல் அதுதான். உடன்குடியிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், குடும்பத்தில் எந்தப் பேச்சையும் தொடங்குவதும் முடிப்பதும் அவர்தான். அத்தையை எதிரே உட்காரவைத்து, "சின்னச் சின்னக் காயமெல்லாம் எந்த வீட்லதான் இல்ல? அனுசரிச்சுப் போணும். ஒரு புள்ள பொறந்துட்டா எல்லாம் சரியாப் போவும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை அழைத்து வருகிறேன், துணிமணியை எடுத்துவைத்துத் தயாராக இரு என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாதான் பையில் துணியை அடுக்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதை கேட்க அத்தை இருக்கமாட்டாள் என்பதே அன்றைக்கு என்னுடைய பெரிய கவலை. அவள் எங்கே போகிறாள், அங்கே என்ன நடக்கும் என்பதெல்லாம் எனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்தவர்கள்தான் பையைக் கட்டினார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் கூண்டைக் கழுவப் போனேன். மாப்ள சில நாளாகப் பானையை விட்டு வெளியே வராமல் உள்ளேயே அடைந்து கிடந்தது. அன்றைக்குத் தினை தின்ன இறங்கிய நேரம் பார்த்துப் பானைக்குள் கையை விட்டேன். வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தால், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை முட்டை.

"அம்மா, மாப்ள முட்டை போட்டிருக்கு" என்றேன்.

அப்பா முகச்சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு கன்னத்தில் நுரையோடு வந்தார். "ஏளா, கண்ணத் தொறந்து பாரு, பொண்ணு போட்டிருக்கும்." பொண்ணுதான் பானைப் பக்கமே போனதில்லையே, போகத்தான் விட்டதில்லையே. அப்பா முட்டையைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார், சொட்டைத் தலையோடு மூலையில் நின்ற நீலத்தைப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. தன் கடைக்குள் வந்து யாரோ தன்னையே ஏசிவிட்டுப் போனதுபோல ஒரு முகம்.

"அப்ப இத்தன நாளும் அடி வாங்குனது ஆம்பளயா?"

அன்று சாயங்காலம் கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு இரண்டாவது கூண்டோடு வந்தார். ஜோடி, ஏக்கம், பாவம் எல்லாம் எந்தக் கப்பலில் ஏறிப் போயினவோ தெரியவில்லை. "பாவம், ஆம்பளப் பிள்ள, எவ்வளவு பொறுமையா இருந்திருக்கு" என்று அம்மா அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள். கிண்ணத்துப் பக்கம் போனதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட அதே தலை. மாப்ள ஒரே நாளில் "ராங்கிக்காரி" ஆயிற்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஏளா, அது மூக்குல இருக்கது மூக்குத்தி இல்லையாம்லா."

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் மாமாவும் வந்தார்கள். வாசலில் அத்தையின் பை தயாராக இருந்தது. நாற்காலியில் சாய்ந்த பெரியப்பா, இது என்ன, கூண்டு இரண்டாகிவிட்டது என்று கேட்டார். அப்பா சொன்னார், "அந்தப் பச்ச பொட்டையாம்ணே. இந்த ஆம்பளயப் போட்டுக் கொத்து கொத்துன்னு கொத்திட்டு. அதான் பிரிச்சாச்சு."

பெரியப்பா தலையை ஆட்டினார். "நல்ல காரியம் செஞ்ச தம்பி. வாயில்லா ஜீவன். கொத்து வாங்கிக்கிட்டு ஒரே கூண்டுக்குள்ள எத்தன நாளைக்குத்தான் கெடக்கும்? சின்னக் காயம், சின்னக் காயம்னு விட்டா ஒருநாள் செத்துல்லா போவும்."

காப்பித் தட்டோடு வந்த அத்தை அப்படியே நின்றாள். தம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தாள்.

"பெரியண்ணே, இப்பச் சொன்னத இன்னொருக்கச் சொல்லுங்க."

"எத?"

"குருவியப் பத்திச் சொன்னீங்கள்லா. அத அப்படியே இவுக மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, இடது கையை மேசைமேல் மாமாவுக்கு முன்னால் விரித்து வைத்தாள். "இது கதவுல நசுங்கல. இவுக நசுக்குனது."

பெரியப்பா காப்பித் தம்ளரை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். மாமா, "என்ன பேச்சு இது, வீட்டு விஷயத்த நாலுபேர் முன்னால" என்று ஏதோ ஆரம்பித்தார். அம்மா எழுந்து வாசலுக்குப் போய், தானே கட்டிய அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அப்பா சொன்னார், "மாப்ள, காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க. தங்கச்சி இங்கன இருக்கட்டும்." அதைக்கூட மாமாவைப் பார்த்துச் சொல்லவில்லை, கூண்டைப் பார்த்துத்தான் சொன்னார். மாமா குடிக்கவில்லை. அவர் போன பிறகு தம்ளரைக் கழுவ எடுத்தேன், மேலே உமி மிதந்தது.

இதை எல்லாரும் எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், நல்லபடியாக முடிந்த கதை என்று. முடிந்தது சரிதான். ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறந்த வீட்டில் ஒருத்தி வளைந்த விரலோடு உட்கார்ந்திருந்தபோது யாருக்கும் தெரியாத நியாயம், ஒரு பறவை முட்டை போட்டதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே. அந்தப் பச்சை மட்டும் முட்டை போடாமல் இருந்திருந்தால் அத்தையை அன்றைக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டிருப்பார்கள், கையில் ஒரு சீப்புப் பழமும் கொடுத்து.

அந்த மாடி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பச்சை நாலைந்து வருஷம் யாரையும் கொத்த வழியில்லாமல் கூண்டுக்குள் மாட்டியிருந்த கண்ணாடியைக் கொத்திக்கொண்டு வாழ்ந்து முடிந்தது. நீலம் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் விந்தி விந்தி நடந்து, தலையில் இறகு முளைத்து, சீட்டியடித்துக்கொண்டு இருந்தது. பெரியப்பா இல்லை. கயிற்றுக்கடையில் அப்பாவுக்கு உதவியாக உட்கார்ந்த அத்தை, பிற்பாடு கடையையே எடுத்து நடத்தி, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டாள். இரண்டாவது கூண்டு அவளுடைய சமையலறையில் தொங்குகிறது. காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

போன மாதம் அங்கே எல்லாரும் கூடியிருந்தோம். சொந்தத்தில் ஒரு பெண் புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள் என்று பேச்சு வந்தது. அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது, பழைய வார்த்தைகள் தானாக வாயில் வருகின்றன. "என்ன இருந்தாலும், அந்தப் பிள்ள கொஞ்சம் அனு" என்று ஆரம்பித்தவர், நிமிர்ந்து கூண்டைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

அத்தை அந்த வளைந்த விரலுள்ள கையைக் கூண்டுக்குள் விட்டு, நாலு வெங்காயத்தை எடுத்து, ஒரு கத்தியோடு அப்பாவின் முன்னால் வைத்தாள். அப்பா உரித்தார்.