391 என் கருவியில் இல்லை

கடிதத்தை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் தானே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். என் பெயர், என் பதவி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, எல்லாம் தயார். "ஒரே ஒரு வரிதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, பேனா மூடியையும் கழற்றி நீட்டினார்.

வாசித்தேன். போன மாதம் குறிப்பிட்ட மூன்று நாள்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் உள்ளே அசுத்தம் இருந்தது, அவருடைய குழுவின் முடிவுகளில் தெரிந்த வேண்டாத பொருள் கருவியிலிருந்துதான் வந்தது என்று நான் உறுதி சொல்வதாக எழுதியிருந்தது.

"பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். பேனாவை வாங்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பகுப்பாய்வுக் கருவிகளுக்கு நான்தான் பொறுப்பு. அடித்தளத்தில் ஜன்னலில்லாத இரண்டு அறைகள், பதினொரு கருவிகள். பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு உள்ளே வந்தவள் நான். முனைவர் பட்டம் கிடையாது. பதவியின் பெயரில் மேலாளர் என்று இருந்தாலும் பாதிப் பேருக்கு இன்னும் மெஷின் பார்க்கிற பெண்மணிதான். அதில் எனக்கு வருத்தமில்லை. மெஷின் பார்ப்பதை லேசான வேலை என்று நினைப்பவர்கள்மேல்தான் கோபம்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறுகளை எடைபோடும் கருவி. உள்ளே அனுப்பும் திரவத்தில் என்னென்ன இருக்கிறதோ, ஒவ்வொன்றும் தன் எடைக்குரிய எண்ணில் திரையில் கோடாக எழும்பும். தினமும் காலையில், யாருடைய மாதிரியையும் தொடுவதற்கு முன்னால், வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். அதை பிளாங்க் என்போம். திரையில் எதுவும் எழும்பாவிட்டால் கருவி சுத்தம். அதை அச்செடுத்துத் தேதி போட்டுக் கோப்பில் வைப்பேன். காய்ச்சலோடு வந்த நாளில்கூட இதை விட்டதில்லை.

கோப்பை எடுத்தேன். அந்த மூன்று நாள்களின் பிளாங்குகளும் துடைத்துவைத்த தட்டுபோல் இருந்தன. பேராசிரியரின் மாதிரிகளில் மட்டும் 391 என்ற எண்ணில் நெடிய கோடு. எங்கள் தொழிலில் அது எல்லாருக்கும் பழக்கமான தொல்லை. பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் அது. பாட்டிலிலிருந்தோ குழாயிலிருந்தோ கரைப்பானில் கசிந்துவிடும். அவர் கட்டுரை அனுப்பிய ஆய்விதழ், இது என்ன என்று கேட்டிருந்தது. தன் ஆய்வகத்தின் கவனக்குறைவு என்று எழுத அவருக்கு மனமில்லை. கருவியின் தலையில் போட்டுவிட்டால் சுலபம்.

மறுநாள் அவர் அறைக்கே போய் மூன்று தாள்களையும் மேசையில் வைத்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்கள் வேலை எங்களுக்கு உதவுவது. எங்களை விசாரிப்பது இல்லை."

"உதவத்தான் வந்தேன், புரொஃபசர். உங்கள் ஆய்வகத்துப் பாட்டில்களைப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

மதியத்துக்குள் சேதி பரவிவிட்டது. வேறொரு குழுவில் முனைவர் ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்த, தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, அந்த லெட்டர்ல சைன் பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா. ஏன்?"

"என்னோட கடைசி சாப்டர் டேட்டா முழுக்க அதே மூணு நாள்ல ஓட்டினது. மெஷின் அழுக்கா இருந்துச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, என்னோடதும் குப்பைதானே அக்கா?"

எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. என் கௌரவத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாள்களில் எத்தனை பேர் கருவியைப் பயன்படுத்தினார்கள் என்று பதிவேட்டைப் புரட்டினேன். அவளையும் சேர்த்து ஆறு பேர்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கும்போது கணவரிடம் சொன்னேன். அவர் பேருந்து ஓட்டுகிறார். வம்பு என்றாலே ஒதுங்கிப் போகிறவர்.

"ஏன் தலைவலிய இழுத்துப் போட்டுக்கற? ஒரு சைன் தானே, போட்டுட்டுப் போ லா" என்றார்.

"உங்க பஸ்ஸ ஒருத்தன் வந்து இடிச்சிட்டு, 'பிரேக் பிடிக்கலன்னு நீங்களே எழுதிக் குடுங்க, ஒரு வரிதான்'னு கேட்டா குடுப்பீங்களா?"

"அவன் மூஞ்சிலயே..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். முருங்கைக்காயை எடைபோட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் சிரித்துவிட்டார். புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குத் திரும்பும்போது காய்ப் பைகளை என் கணவரே தூக்கிக்கொண்டார். லிஃப்ட்டில் ஏறியதும், "போடாத" என்றார்.

திங்கட்கிழமை துறைத் தலைவர் அழைத்தார். மென்மையாகப் பேசும் பெண்மணி. நாற்காலியைக் காட்டி, மேசையில் இருந்த பேராசிரியரின் கடிதத்தில் 'அசுத்தம் இருந்தது' என்பதை 'இருந்திருக்கலாம்' என்று மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்டார். ஆண்டுப் பணி மதிப்பீடு நெருங்குகிறது என்பதையும் பேச்சோடு பேச்சாக நினைவுபடுத்தினார்.

"இருந்திருக்க முடியாது, மேடம். தாள் இருக்கிறது. கருவிமேல் சந்தேகம் என்றால் உங்கள் முன்னாலேயே ஓட்டிக் காட்டுகிறேன். அவருடைய ஆய்வகத்துக் கரைப்பானையும் கொண்டுவரச் சொல்லுங்கள்."

அவர் மேசை நாட்காட்டியைப் பார்த்தார். "புதன்கிழமை பத்து மணி" என்றார்.

புதன்கிழமை என் சிறிய அறையில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். பேராசிரியர் கைகளைக் கட்டியிருந்தார். முதலில் என் பிளாங்க். திரை அமைதியாக இருந்தது. அடுத்தது, அவர் ஆய்வகத்துக் கண்ணாடி பாட்டிலிலிருந்து எடுத்த கரைப்பான். அதிலும் ஒன்றுமில்லை. அவர் உதட்டில் லேசான சிரிப்பு வந்தது. மூன்றாவதாக, அதே கரைப்பானை ஊற்றிவைத்து அவர் குழுவினர் தினமும் பிழிந்து பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில். அது வேண்டும் என்று நான் தனியாகக் கேட்டு வாங்கியிருந்தேன்.

ஊசி உள்ளே போனது. ஒரு நிமிடம் ஆனது. பிறகு 391இல் கோடு விறுவிறுவென்று திரையின் உச்சிவரை ஏறியது.

"இது எதையும் நிரூபிக்கவில்லை" என்றார் பேராசிரியர்.

துறைத் தலைவர் கடிதத்தை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்கு இது போதும்" என்றார்.

பேராசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் மாணவர்கள் கண்ணாடி பாட்டிலுக்கு மாறி எல்லா மாதிரிகளையும் மறுபடி தயாரித்தார்கள். நேரம் கேட்டபோது மற்றவர்களைப் போலவே வரிசையில் இடம் கொடுத்தேன். கூடவே அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: சொந்த பிளாங்க் கொண்டுவராத யாருடைய மாதிரியும் ஓட்டப்படாது. யாருடைய என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டேன். இரண்டு பேராசிரியர்கள் புகார் செய்தார்கள். தாள் இன்னும் கதவில்தான் இருக்கிறது. ஆய்வேட்டை முடித்த அந்தப் பெண் விடைபெற வந்தபோது அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஆண்டு என் மதிப்பீட்டில், ஒத்துழைக்கும் மனப்பான்மை வளர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஊழியரின் கருத்துக்கு விட்டிருந்த கட்டத்தில் பெரும்பாலோர் நன்றி என்று எழுதுவார்கள். நான், "பொய்யோடு ஒத்துழைப்பதாக இருந்தால் வளராது" என்று எழுதி அனுப்பினேன்.