கேள்வியோட போன மகளை ஆண்டவர் திருப்பித் தந்தார்

என் மக எஸ்தர் சபைக்கு வர்றத நிறுத்தினப்ப நான் உடைஞ்சே போயிட்டேன். முத்தியால்பேட்டையில தையல் கடை வச்சிருக்கேன். வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுறார். எங்களுக்கு ஒரே பொண்ணு. எம்.ஏ. படிச்சிட்டிருந்தா.

எங்க சபை ஒரு சைக்கிள் கடை மாடியில கூடுது. முப்பது பேர் வருவோம். பாஸ்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஆரம்பத்துல அப்போஸ்தலர் காலத்துல சபை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னு ஆசைப்படுறவங்க நாங்க. வாராவாரம் ஞாயித்துக்கிழமை இயேசுவோட நினைவா அப்பம் பிட்டு, திராட்சரசத்தோட பகிர்ந்துக்குவோம்.

ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்புடின்னு சொன்னேன். எஸ்தர் நிதானமா சொன்னா: "உண்மைன்னு ஒண்ணே ஒண்ணு கிடையாதும்மா. உனக்கு அது உண்மை. எனக்கு வேற."

அவ கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். நான்தான் கத்தினேன். சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிட்டேன். அந்த வாரமே ஹாஸ்டலுக்குப் போயிட்டா. போன் பண்ணா ரெண்டு வார்த்தைதான். முழங்கால் போட்டா எனக்கு ஜெபம் வராது, அழுகைதான் வரும். எங்கிட்ட வராட்டியும் பரவால்ல, உம்மகிட்ட வரட்டும் ஆண்டவரேன்னு எட்டு மாசம் அதையே கேட்டேன்.

மழை சீசன்ல அவளுக்கு டெங்கு வந்துச்சு, ஆஸ்பத்திரியில சேத்தோம். பிளேட்லெட் இறங்கிட்டே போச்சு. ரத்தம் குடுக்க ஆள் வேணும்னு டாக்டர் சொன்னாங்க. சபையில ஒருத்தருக்கு போன் போட்டேன், அவ்வளவுதான். லேத் பட்டறையில வேலை பாக்குற லூர்து அண்ணன் கையில கிரீஸோடயே வந்து நின்னார், கூட நாலு பேர். கஞ்சி யார் கொண்டாரது, என்கூட யார் உக்காரதுன்னு அவங்களே பேசி வச்சிக்கிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் லூர்து அண்ணனும் அவர் சம்சாரமும் அப்பமும் திராட்சரசமும் எனக்காக எடுத்துட்டு வந்தாங்க. கட்டில் பக்கத்துலயே ஜெபம் பண்ணி வாங்கிக்கிட்டேன். எஸ்தர் பாத்துக்கிட்டே இருந்தா.

"ஒரு வாரம் விட்டா என்ன ஆகிடும் மாமா?"ன்னு அண்ணன்கிட்ட கேட்டா.

"ஒண்ணும் ஆகாதும்மா. உங்கம்மாவ விட்டுட்டு சாப்பிட எங்களுக்கு மனசு வரல."

 அப்புறம், நீங்க சொல்றது மட்டும்தான் உண்மைன்னு எப்படி நம்புறீங்கன்னு கேட்டுட்டா.  அண்ணனுக்குக் கோவம் வரல.

"நான் சொல்றத நீ நம்பவே வேணாம். நீயே படிச்சுப் பாரு. நாங்க பண்றது தப்பா இருந்தா காட்டு, திருத்திக்கிறோம்."

ரெண்டு நாள்ல பிளேட்லெட் ஏறிச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பொண்ணு நேரா எங்க வீட்டுக்கே வந்துட்டா. படுத்துக்கிட்டே வேதத்தப் படிச்சா, பென்சில்ல கோடு போட்டுக்கிட்டு. நான் வாயே திறக்கல.

ஒரு புதன்கிழமை வேதபாடத்துக்கு நோட்டோட வந்தா. நாங்க கூடுற மாடி ஹால்ல ஒரு பழக்கம் இருந்துச்சு. ஆபீசருங்க யாராவது வந்தா முன்னாடி நாற்காலி, மத்தவங்களுக்கு பாய். இப்படிச் செய்யக்கூடாதுன்னு புதிய ஏற்பாட்டு நிருபத்துல இருக்கே, நீங்க மட்டும் ஏன் செய்றீங்கன்னு கேட்டா.  லூர்து அண்ணன் அந்தப் பகுதிய ரெண்டு தடவை வாசிச்சிட்டு, "பொண்ணு சொல்றது சரிதான்"னார். அடுத்த ஞாயிறுலேர்ந்து முட்டி வலிக்காரங்களுக்கு மட்டும்தான் நாற்காலி. டாக்டரே வந்தாலும் பாய்தான்.

அன்னைக்கு வண்டியில வர்றப்ப எஸ்தர் சொன்னா: "எல்லாரும் அவங்கவங்க உண்மைய காப்பாத்திக்கத்தான் பாப்பாங்கன்னு நெனச்சேம்மா. இவங்க தங்களவிட பெரிசா ஒண்ணு இருக்குன்னு நெசமாவே நம்புறாங்க."

ஆறு மாசம் கழிச்சு அவளே ஞானஸ்நானம் கேட்டா. விடியற்காலை கடலுக்குப் போனோம். தண்ணியில இறங்குறப்ப தயங்கி, "எனக்கு இன்னும் கேள்வி இருக்கு மாமா"ன்னா.

"எனக்கும் இருக்கும்மா, வா"ன்னு அண்ணன் கையப் பிடிச்சிக்கிட்டார்.

நான் புடவை நனைய அலையில நின்னு பாடினேன். அவ முங்கி எழுந்ததும் பாட்ட விட்டுட்டு துண்டோட அவகிட்ட ஓடினேன். மத்தவங்க பாடி முடிச்சாங்க.

பிள்ளை விலகிப் போச்சேன்னு அழுவுற அம்மா அப்பா யாராவது இதப் படிச்சா, உங்களுக்குத்தான் சொல்றேன். என்னை மாதிரி கத்தாதீங்க. ஜெபத்த விடாதீங்க. நம்ம ஆண்டவர் கேள்விக்குப் பயப்படுறவர் இல்ல. அவர நம்பி, பிள்ளைங்கள பேச விடுங்க.