ஆனியில் காய்ச்சாத பால்

நாற்பத்தொரு வயதில் மாணவியாகத் தாம்பரத்தில் வந்து இறங்கினேன். இலங்கையில், மன்னாரில் பதினாறு வருடம் ஆசிரியையாக இருந்தவள், இங்கே ஒரு கல்லூரியில் சமூகப்பணி முதலாம் ஆண்டு. பத்து வயது மகளை என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். கணவர் இல்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

கல்லூரி விடுதியில் என் வயதுக்காரிக்கு இடமில்லை என்றார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். வந்த பதினான்கு நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவை முடித்தாக வேண்டும். அதற்கு வீட்டு முகவரி வேண்டும். 'இவர் என் வீட்டில் இருக்கிறார்' என்று வீட்டுக்காரர் ஆன்லைனில் ஒரு படிவம் போட வேண்டும். லாட்ஜ் முகவரி போதாது என்று கல்லூரி அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பதிவு இல்லையென்றால் படிப்பு இல்லை, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இரண்டாம் நாளே ஊரப்பாக்கத்தில் ஒரு மாடி வீடு பார்த்தேன். கீழே வீட்டுக்காரர்கள், வயல் வைத்திருந்த குடும்பம். இப்போது அந்த வயலில் வாடகைக்கு மூன்று வீடுகள் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிலோன்னா இன்னா, தமிழுதான பேசுற. புடிச்சிருந்தா இன்னிக்கே பால் காய்ச்சிடும்மா. நாளான்னிக்கு ஆடி பொறக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாலுக்கு என்ன அவசரம் அக்கா? ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். கல்லூரிக்கு இன்னும் பக்கத்தில் ஏதாவது கிடைக்காதா என்று கணக்குப் போட்டேன். என்ன புத்திசாலித்தனம்! முதல் வீடே சம்மதித்ததால் எல்லா வீடும் சம்மதிக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த எட்டு நாட்களும் ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு அலைந்தேன். 'தனியாவா? புருஷன் எங்க?' என்பது முதல் கேள்வி. அதைத் தாண்டினால், 'சிலோனா? போலீஸ் வருமே!' பம்மலில் ஒருவர் என் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கேட்டுக்கு வெளியே கையை நீட்டித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. மாலையில் லாட்ஜுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செபிப்பேன். வீடு, எப்படியாவது ஒரு வீடு. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் மானத்தை விட்டு ஊரப்பாக்கத்துக்கே திரும்பிப் போனேன்.

"வூடு காலியாத்தான் கீது. ஆனா ஆடில யாரையும் குடி வெக்க மாட்டேன். ஆவணி மொத முகூர்த்தத்துல வாம்மா" என்றார் அந்த அம்மா.

ஆவணி வரை எனக்கு நாளில்லை என்று விளக்கினேன். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எனக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான் என்றேன்.

"உனுக்கு ஒண்ணுதான். என் வூட்டுக்கு அப்டி இல்ல."

"சரி அக்கா, குடி வரேல்ல. அந்தப் படிவத்தை மட்டும் போட்டுத் தாங்கோ."

"ஆளே இல்லாத வூட்ல ஆள் கீதுன்னு எழுதச் சொல்றியா? போலீஸ் வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒரு லிட்டர் பால், ஒரு அடுப்பு, பத்து நிமிடம். அன்றைக்கே காய்ச்சியிருந்தால் முடிந்திருக்கும். அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். வெட்கம் பிறகுதான் வந்தது.

அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பின்னாலேயே அவருடைய மகள் வந்தாள். வைகாசியில் கல்யாணமாகி, ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வரப்பட்ட பெண்.

"ஆடிக்கு நான் வந்து இருக்கலையா? அந்த மாதிரி அக்காவும் கீழ என் ரூம்ல இருக்கட்டுமே. குடித்தனம் வர்றதுக்குத்தானே ஆடி ஆவாது?"

அம்மா காலிச் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "பொண்ணுங்க அம்மா வூட்டுக்கு வர்ற மாசந்தான் இது. போய் பெட்டிய எடுத்துக்கினு வா" என்றார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் அவருக்குக் கூட இருக்கும்.

அன்றைக்கே அந்தப் பெண்ணின் போனிலிருந்து படிவம் போனது. மேல்மாடி வேண்டாம், இப்போதைக்கு இந்த வீட்டு விருந்தாளி. பன்னிரண்டாம் நாள் என் பதிவு முடிந்தது. கல்லூரி அலுவலகத்தில் என் பெயருக்கு நேரே டிக் அடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குப் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் கூழ் ஊற்றினார்கள். என் கையில் ஒரு கிண்ணம் இருந்தபோது மன்னாரிலிருந்து என் மகள் வீடியோவில் அழைத்தாள். அறையை, ஜன்னலை, மேசையில் அடுக்கிய புத்தகங்களை எல்லாம் காட்டினேன்.

"வீடு கிடைச்சிட்டுது மகள். எல்லாம் சரி வந்திட்டுது. இனி பயமில்லை."

திரையில் அவள் முகம் அசையாததால், சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன்.

"வீடு கிடைக்காட்டி நீங்கள் திரும்பி வந்திடுவீங்கள் எண்டு பெரியம்மா சொன்னவ" என்றாள் மெதுவாக. "கிடைக்கக் கூடாதெண்டு நான் ஒவ்வொரு நாளும் செபிச்சனான், அம்மா."

திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை. இரண்டு பேரும் ஒரே கடவுளிடம்தான் கேட்டிருக்கிறோம். அவர் என்னுடையதைக் கேட்டுவிட்டார்.