பதுங்குகுழியில் வைத்த மீசைப் பந்தயம்

வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அக்கா வூட்டுக்காரர் கோவிந்தராசு மாமா பட்டாளத்தில் இருந்தவர். எல்லையில் எதிரிகளைச் சுட்டுத் தள்ளியவர் என்று பதினைந்து வருசமாக ஊரெல்லாம் அளந்து விட்டிருக்கிறேன். அவரிடமே கேட்டது போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸில்தான்.

"மாமா, குழிக்குள்ள எத்தனை பேரை முடிச்சீங்க?"

"கணக்கே இல்லடா. எல்லாம் பேன்."

தருமபுரியில் காலை 7.20க்குப் பஸ். ஒகேனக்கல் 46 கிலோமீட்டர், ஆளுக்கு 35 ரூபாய். பென்னாகரம் தாண்டினால் வளைவுகள் வரும், இட்லியை அளவாகச் சாப்பிடுங்கள். வழியெல்லாம் மாமா பதுங்குகுழிக் கதைதான் சொன்னார். சண்டை கொஞ்சம், சும்மா உட்கார்ந்திருப்பது ரொம்ப. பகலில் சட்டையைத் திருப்பிப் பேன் பார்ப்பார்களாம். ஒருத்தனுக்கு வந்த கடுதாசியைக் குழியிலிருந்த பன்னிரண்டு பேரும் படிப்பார்களாம். "அக்கா எழுதினதையுமா?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலமானால் சட்டியே இல்லாமல் வாயாலேயே கறிக்குழம்பு வைப்பது. உப்பு எப்போது போடுவது என்று அடிதடி வரை போகுமாம்.

மீதி நேரம் ஆடு புலி ஆட்டம். ரேஷன் பெட்டிப் பலகையில் கரிக்கோடு, ஆட்டுக்குப் பதினைந்து கூழாங்கல், புலிக்கு மூன்று தோட்டாக்கூடு. மாமாவும் பென்னாகரத்து மாதையனும் ஒரு நாள் மீசையைப் பந்தயம் வைத்தார்கள். பாதி ஆட்டத்தில் பக்கத்தில் குண்டு விழுந்து கல்லெல்லாம் சிதறிவிட்டது. நான்தான் ஜெயித்திருப்பேன் என்று இரண்டு பேருக்கும் இருபது வருசமாகப் போனில் சண்டை. மாதையன் அண்ணன் இப்போது ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறார். "தீத்துக்கலாம் வாடா" என்று கூப்பிட்டுவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை மாமா மகளுக்கு நிச்சயதார்த்தம். "மீசையில்லாம வந்தீங்கன்னா பந்தி பரிமாறப் போயிருங்க, சபையில உக்கார வேணாம்" என்று அக்கா சொல்லித்தான் அனுப்பியது.

8.50க்குக் கடையில் இருந்தோம். மாதையன் அண்ணன் மாமாவைக் கட்டிப்பிடித்தார். அப்படியே மீசையையும் தடவிப் பார்த்தார். "நல்லா பாத்துக்கடா. மத்தியானம் இருக்காது."

"உனக்கு வாய்தான்டா. கல்லை வை."

பெஞ்சு மேல் சாக்பீஸ் கோடு. மாமா புலி, அவர் ஆடு. கால் மணி நேரத்தில் இரண்டு புலி மாட்டிக்கொண்டது. மாமாவுக்கு வேர்த்து ஊற்றியது. "கவலைய வுடுங்க மாமா, போட்டோவுக்கு மையில வரைஞ்சுக்கலாம்" என்று தைரியம் சொன்னேன். முறைத்தார்.

அப்போது ஒருத்தர் வந்து கட்லா என்ன விலை என்றார். மாதையன் அண்ணன் விலை சொல்லிக்கொண்டே ஓர் ஆட்டைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டார். "வெச்ச கல்லை எடுக்கப்படாது! நம்ம குழிச் சட்டம்!" என்று மாமா கத்தினார். மூன்றாவது புலி வரிசையாக ஆறு ஆட்டைத் தின்றது.

அண்ணன் எழுந்தார். "அடுப்பைப் பாத்துக்கடா" என்று கரண்டியை மாமாவிடம் நீட்டிவிட்டு எதிர்ச் சலூனுக்குப் போய்விட்டார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆற்றில் தண்ணி அதிகமானால் பரிசல் விடமாட்டார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள். மீனை நீங்களே பொறுக்கி, கண் முன்னால் மசாலா தடவச் சொல்லுங்கள். பட்டாளத்துக்காரர் கூட வந்தால் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். பொழுது எப்படிப் போச்சு என்று கேளுங்கள். ஒன்றரை மணி நேரப் பஸ் பத்தாது.

அடுப்பு மங்கியது. மாமா குனிந்து ஊதினார். தீ ஒரே ஒரு தடவை மேலே எழும்பியது. மீசையில் இடது பாதி கருகிவிட்டது. மீன் பதமாக வெந்திருந்தது.