இரண்டாவது கோடு

எழுபதுகளில் கல்கத்தா ஆய்வுக்கூடம் ஒன்றில் என் உயிரை வாங்க ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. ஆர்கான் வாயுவை நிரப்பி மின்சாரம் பாய்ச்சினால் அது எலெக்ட்ரான்கள் பிரிந்த பிளாஸ்மாவாகி ஊதாவாக ஒளிரும். அதற்குள் லேசரை விட்டால் எலெக்ட்ரான்கள் துளியூண்டு ஒளியைச் சிதறடிக்கும். அதை அளந்தால் அவற்றின் சூடு தெரிந்துவிடும். சொல்ல எவ்வளவு சுலபம்! எனக்கோ பிளாஸ்மாவை ஏற்றினாலும் அணைத்தாலும் ஒரே அளவுதான் வந்தது. எங்கிருந்தோ வேண்டாத வெளிச்சம் புகுந்து அந்தத் துளியை முழுங்கிக்கொண்டிருந்தது. துர்கா பூஜை விடுமுறைக்குள் சிக்னல் வராவிட்டால் லேசரை அடுத்த குழுவுக்குக் கொடுத்துவிடப்போவதாக ப்ரொஃபசர் சொல்லிவிட்டார். லேசர் போனால் என் டாக்டர் பட்டமும் போச்சு.

குழாயை ஊதிச் செய்து தந்தவரை எல்லோரும் காக்கு என்போம், சித்தப்பா என்கிற மாதிரி. நான் இரண்டு குழாய்களை உடைத்தும் முகம் சுளிக்காத மனுஷர்.

துர்கா பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால், நம் ஆயுத பூஜை மாதிரி வரும் விஸ்வகர்மா பூஜையன்று ஊர் முழுக்க மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. பட்டறையில் மிஷின்களுக்குப் பொட்டு வைத்து லீவு விட்டிருந்தார்கள். நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய லேசர் போகும் பாதையைச் சரிபார்க்கிற சின்னச் சிவப்பு லேசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காக்கு குபுகுபுவென்று சாம்பிராணி புகையும் தூபக்காலோடு நுழைந்தார். குழாய்க்குத் தூபம் காட்டாமல் போகமாட்டாராம். எனக்கு வந்ததே கோபம்! லென்ஸெல்லாம் கரி பிடிக்கும், யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று வங்க மொழியில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். அவர் பாட்டுக்குக் குழாயைச் சுற்றிவந்தார்.

திட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று வாயை மூடினேன். புகைக்குள் லேசர் போகும் பாதை சிவப்புக் கோடாகத் தெரிந்தது. பக்கத்தில், மெல்லிசாக, இன்னொரு கோடு. குழாயின் வாய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, அளவுக் கருவியின் லென்ஸுக்குள் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. அடப்பாவி, இத்தனை மாதமாக நீதானா!

"காக்கு, அசையாதீங்க. இன்னும் கொஞ்சம் புகை போடுங்க" என்றேன்.

கறுப்புத் தகரம் ஒன்றை நிறுத்தி அந்தக் கோட்டை மறித்தோம். லென்ஸில் பிடித்த கரியைத் துடைக்கவே நாள் கணக்கில் ஆயிற்று. விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம் பிளாஸ்மாவை ஏற்றினேன். ஆஸிலாஸ்கோப் திரையில் சின்னதாக ஒரு மேடு எழுந்தது. அணைத்தேன், காணோம். ஏற்றினேன், வந்தது. ஓடிப்போய்க் காக்குவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவர் திரையைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"என்னம்மா, அழறியா?"

"புகை, காக்கு. கண்ணுல பட்டுடுச்சு."

புகை கலைந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"ஆமாம், பொல்லாத புகை" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.