வாலு கட்டிய சிவப்பு நாடா

என் மகள் வயிற்றுப் பேத்தியை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரியில் விலங்கியல் படித்தாள். கோடை விடுமுறையில் மாணவர்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் ஏரிக்கரை நிலையம் ஒன்றில் போன வருஷம் இடம் கிடைத்தது. அங்கே நல்ல பெயர் வாங்கினால் அந்தப் பேராசிரியரே மேற்படிப்புக்குச் சேர்த்துக்கொள்வாராம். பிள்ளைக்குக் கால் தரையில் படவில்லை.

"குருவிக்கூட்டை எண்ண ஒரு படிப்பா?" என்றான் அவள் மாமன்.

"உங்க தொப்பையை அளக்கக்கூட ஒரு படிப்பு இருக்கு மாமா, வரீங்களா?"

வேலை இதுதான். புதரில் கூடு கண்டால் பக்கத்துக் கிளையில் சிவப்பு நாடா கட்ட வேண்டும். அப்போதுதான் திரும்ப வந்து முட்டையையும் குஞ்சையும் எண்ண முடியும். வாலு கட்டிய நாடா ஏரியின் அக்கரையிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரியுமாம். பேராசிரியர் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

பிறகு கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு காலையில் காக்கை ஒன்று நாடா கட்டிய கிளையில் உட்கார்ந்து, கூட்டைக் கொத்திவிட்டு, அடுத்த நாடாவுக்குப் போனதை இவள் பார்த்துவிட்டாள். அடித்துப் பிடித்துக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள்.

"சார், காக்கா நம்ம நாடாவைப் பாத்துத்தான் வருது."

"இருக்கலாம்மா. ஆனா பாதியில முறையை மாத்தினா இதுவரைக்கும் எடுத்த கணக்கு எதுக்கும் ஆகாது."

"அதுக்குள்ள மிச்சக் குஞ்சும் போயிடுமே சார்!"

"குருவி மறுபடி முட்டை போடும். நீ போய் வேலையைப் பாரு."

இவள் வேலையைப் பார்க்கவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஏரிக்கரை முழுக்க அவிழ்த்துவிட்டாள், மற்றப் பிள்ளைகள் கட்டியதையும் சேர்த்து. அதற்குப் பிறகு எந்தக் கூடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பேராசிரியர் கிளம்பச் சொல்லிவிட்டார்; அன்று சாயங்காலமே பெட்டியோடு வீட்டு வாசலில் நின்றாள். அடுத்தவர் உழைப்பில் கை வைத்தது தப்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். குஞ்சுகளைக் காக்கைக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே எண்ணுவது மட்டும் எந்த ஊர் நியாயம்?

என் மகள் விடவில்லை. "ஒரு மன்னிப்பு கேட்டா வாய் தேய்ஞ்சா போயிடும்?" என்று நச்சரித்துப் போன் பேச வைத்தாள். நாடாவால் எதுவும் ஆகவில்லை, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று பிள்ளை சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்றார். பொய்யும் சொல்லி, இடமும் போயிற்று. மகளோடு இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேச்சில்லை.

இந்தக் கோடைக்கு அதே நிலையத்துக்குப் போகும் பெண் ஒருத்தி யோசனை கேட்டு வீட்டுக்கு வந்தாள். என்ன செருப்பு, என்ன தொப்பி, பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் வாலு சொல்லிக்கொடுத்தாள். அவள் போன பிறகு கேட்டேன்.

"காக்கா விஷயத்தைச் சொல்லலையேடி?"

"சொன்னா அவளும் அவிழ்ப்பா பாட்டி. பாவம், படிக்கட்டும்."